லெட்டர் கொடுத்தவர் பிள்ளைக்கு மட்டும் டெஸ்ட்

அமெரிக்காவில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற நம்மவர் வீடுகளில் "கிஃப்டட்" என்ற சொல் எப்படியும் ஒருநாள் வந்து சேரும்: மீத்திறன் உள்ள பிள்ளை என்று சோதித்துச் சிறப்பு வகுப்பில் சேர்ப்பது. எங்கள் வீட்டுக்கு அது ஒரு பிறந்தநாள் விருந்தில், கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது வந்தது. "உங்க பொண்ணு ரெண்டாவதுதானே, டெஸ்டுக்கு லெட்டர் கொடுத்துட்டீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டார். என்ன டெஸ்ட், என்ன லெட்டர் என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது, பள்ளியிலிருந்து வந்த எந்தத் தாளிலும் அதைப் பார்த்த ஞாபகமும் இல்லை. பெற்றோர் எழுதிக் கேட்டால் பள்ளி பரிசீலித்தாக வேண்டும் என்று அந்த அக்காவுக்கு வேறொரு அக்கா சொல்லியிருக்கிறார், அவருக்கு யார் சொன்னார்களோ. மறுநாள் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன், அழைத்துச் சோதித்தார்கள். மகள் தேறினாளா இல்லையா என்பது வேறு கதை. அந்த விருந்துக்கு நான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. அதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் பிரோவர்டு கவுண்டியின் கதை.

பிரோவர்டு, ஃபுளோரிடாவில் மயாமிக்கு வடக்கே இருக்கிற கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு. ஃபோர்ட் லாடர்டேல் அதன் பெரிய நகரம். ஃபுளோரிடாவில் ஒரு கவுண்டி முழுக்க ஒரே பள்ளி மாவட்டம் என்பதால், கடற்கரைப் பங்களாக்காரர் பிள்ளையும் உள்ளே வாடகைக் குடியிருப்பில் இருக்கும் ஹெய்ட்டியக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே விதியின் கீழ் வருகிறார்கள். ஆய்வு நடந்த காலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் மாணவர்கள், நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று. பணக்காரப் புறநகர் தனி மாவட்டம், ஏழை நகரம் தனி மாவட்டம் என்று பிரிந்து கிடக்கும் மாநிலங்களில் இந்த ஆய்வைச் செய்திருக்கவே முடியாது, செய்திருந்தாலும் "அந்த மாவட்டத்தில் விதி வேறு" என்று தட்டிக்கழித்திருப்பார்கள்.

விதி என்ன சொன்னது

ஃபுளோரிடாவின் விதி காகிதத்தில் மிகத் தெளிவானது. பிள்ளைக்கு ஐக்யூ 130 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதாவது சராசரியான 100இலிருந்து இரண்டு திட்டவிலக்கம் மேலே (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம்). புள்ளியியல் கணக்குப்படி நூறு பேரில் இரண்டு பேரும் சொச்சமும்தான் அங்கே நிற்பார்கள். கூடவே, சிறப்பு வகுப்பு தேவைப்படும் பிள்ளை என்பதையும் காட்ட வேண்டும், மீத்திறன் குழந்தைக்குரிய குணங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் பெரும்பாலானவை பொருந்த வேண்டும். அந்தப் பட்டியலை நிரப்புவதில் ஆசிரியரின் பார்வைக்குப் பெரிய பங்கு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதியில் ஏழைப் பிள்ளைகள் வரவே மாட்டேன் என்கிறார்கள் என்று 1991இல் மாநிலம் ஒரு மாற்றுப் பாதை திறந்தது. "பிளான் பி" என்பார்கள். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கும், வீட்டில் வேறு மொழி பேசி இப்போதுதான் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும் 130 என்ற கோட்டைத் தாழ்த்தலாம். பிரோவர்டில் அது 116. ஏழு பேரில் ஒருவர் எட்டக்கூடிய உயரம். நியாயமாக, கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும்.

அலைமோதவில்லை. மாவட்டத்து மாணவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பிள்ளைகள். ஆனால் கிஃப்டட் என்று முத்திரை பெற்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அவர்கள் 28 சதவீதம்தான். பத்து வருடங்களுக்கு மேலாகக் கோடு தாழ்ந்தே இருந்தும் இந்த நிலை. கோட்டைத் தாழ்த்தினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை: கோட்டருகே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? ஆசிரியர் அல்லது பெற்றோர். ஐக்யூ சோதனை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தாள் கொடுத்து நடத்துவது இல்லை. மாவட்ட உளவியலாளர் ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துச் செய்வது. அதனால் யாரை அனுப்புவது என்று முதலிலேயே வடிகட்டினார்கள். ஆசிரியர் "இந்தப் பிள்ளையைப் பாருங்கள்" என்று எழுதினால் அனுப்புவார்கள், பெற்றோர் கேட்டால் அனுப்புவார்கள். கையில் காசிருந்தால் இன்னொரு வழியும் உண்டு: சில நூறு டாலர் கொடுத்துத் தனியார் உளவியலாளரிடம் சோதித்து, சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டலாம்.

2005இல் செய்தது

2005இல் பிரோவர்டு ஒரு காரியம் செய்தது. பெரிய சீர்திருத்தம் என்று முழங்கவில்லை, விதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டாம் வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும், யாரும் கேட்காமலே, நாக்லியேரி சோதனையைக் கொடுத்தது. சொற்களே வேண்டாத சோதனை அது. வடிவங்கள், வண்ணங்கள், ஒரு கட்டத்தில் ஒரு துண்டு குறையும், கீழே இருக்கும் துண்டுகளில் எது பொருந்தும் என்று பிள்ளை காட்ட வேண்டும். வகுப்பிலேயே உட்கார வைத்து அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். அதில் 130 எடுத்த பிள்ளை, பிளான் பி பிள்ளையென்றால் 115 எடுத்த பிள்ளை, உளவியலாளரின் முழு ஐக்யூ சோதனைக்குப் போகும். அங்கே பழைய கோடுதான்: 130, 116. பெற்றோரும் ஆசிரியரும் பெயர் சொல்லும் வழியையும் மூடவில்லை.

இதன் விளைவை அளந்தவர்கள் டேவிட் கார்ட், லாரா ஜுலியானோ என்ற இரண்டு பொருளியலாளர்கள். (2021இல் பொருளியல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர் அதே கார்ட், குறைந்தபட்ச ஊதியம் பற்றிய ஆய்வுகளுக்காக அதிகம் அறியப்பட்டவர்.) 2016இல் வெளியான அவர்கள் கணக்குப்படி, கிஃப்டட் ஆகும் வாய்ப்பு ஏழைப் பிள்ளைகளிடம் இரண்டரை மடங்குக்கும் மேலே போனது. ஹிஸ்பானிக் பிள்ளைகளிடம் இரண்டு மடங்குக்கும் மேல். கறுப்பினப் பிள்ளைகளிடம் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடியது. கோடு அதே, ஐக்யூ சோதனை அதே, உளவியலாளர்களும் அவர்களே. முந்தைய ஆண்டுகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் அதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

"சரி, புதிதாக வந்தவர்கள் எல்லாம் விளிம்பில் தொற்றிக்கொண்டவர்களாக இருப்பார்கள்" என்று எனக்கும் முதலில் தோன்றியது. அப்படியும் இல்லை. கோட்டைத் தாண்டி நன்றாக மேலே நின்ற பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். விளிம்பில் இருக்கிற பிள்ளை ஆசிரியர் கண்ணுக்குப் படாமல் போவதைப் புரிந்துகொள்ளலாம், அத்தனை உயரத்தில் நிற்கிற பிள்ளையும் படாமல் போயிருக்கிறது.

தப்பிப்போனவர்கள் யார் என்ற பட்டியலைப் பார்த்தால் ஏழைகள், கறுப்பினத்தார், ஹிஸ்பானிக் குடும்பத்தார், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், அப்புறம், நான் எதிர்பார்க்காதது, பெண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளை ஏன் பரிந்துரைக்கவில்லை என்பதற்கு எண்கள் காரணம் சொல்லாது. என் ஊகம் மட்டும் சொல்கிறேன். வகுப்பில் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிற பையனைப் பார்த்து "இவனுக்கு இது போதவில்லை" என்று ஆசிரியருக்குத் தோன்றும். அதே வேகத்தில் முடித்துவிட்டு அமைதியாகப் படம் வரைகிற பெண்ணைப் பார்த்து "தங்கமான பிள்ளை" என்று தோன்றும். தங்கமான பிள்ளையை யாரும் உளவியலாளரிடம் அனுப்புவதில்லை.

ஆசிரியர் மேல் பழி போடலாமா

போடுவது சுலபம். ஆனால் இருபது இருபத்தைந்து பிள்ளைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற ஒருவரிடம், நூற்றுக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஒரு பண்பை வெறும் கண்ணால் கண்டுபிடி என்று சொல்லியிருக்கிறோம். அவருக்குத் தெரிவது வீட்டுப்பாடம், கையெழுத்து, வாசிப்பு, கையைத் தூக்கிப் பேசுகிற ஆங்கிலம். இவையெல்லாம் வீட்டிலிருந்து வருகிற விஷயங்கள். வீட்டில் ஹெய்ட்டியின் கிரியோல் மொழியோ ஸ்பானிஷோ பேசிவிட்டு வருகிற ஏழு வயதுக் குழந்தை வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தால், அது யோசிக்கிறதா, புரியாமல் முழிக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிச் சொல்வது?

இது புதுச் செய்தியும் அல்ல. லூயிஸ் டெர்மன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஐக்யூ சோதனையை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றியமைத்தவர், 1921இல் கலிஃபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடும்போது முதல் சல்லடையாக ஆசிரியர்களிடம்தான் பெயர் கேட்டார்: வகுப்பில் ஆகக் கெட்டிக்காரப் பிள்ளை யார், அடுத்தவர் யார், வயதில் ஆக இளையவர் யார். முடிவில் அவருக்கே தெரிந்த வேடிக்கை, ஆசிரியர் சொல்லும் கெட்டிக்காரப் பிள்ளையை நம்புவதைவிடப் பதிவேட்டில் ஆக இளைய பிள்ளையின் பெயரை எடுத்தால் சரியாக அமையும் வாய்ப்பு அதிகம். ஆசிரியர் பெரிய பிள்ளையோடு சின்னப் பிள்ளையை அதே தட்டில் வைத்து எடை போட்டுவிடுகிறார், வயதை யோசிப்பதில்லை. அதற்காகச் சோதனையும் தெய்வவாக்கு ஆகிவிடாது. டெர்மனின் சோதனைக்கு உட்கார்ந்து கோட்டைத் தாண்டாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்று இரண்டு பையன்கள் இருந்தார்கள். இருவருக்கும் பின்னால் இயற்பியல் நோபல் கிடைத்தது, 1956இலும் 1968இலும்.

ஆசிரியர் யார் என்பதும் கணக்கில் வருகிறது. ஜேசன் கிரிசம், கிறிஸ்டபர் ரெடிங் இருவரும் நாடு தழுவிய தரவை வைத்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் வாசிப்பிலும் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தாலும் கறுப்பினப் பிள்ளை கிஃப்டட் வகுப்புக்குப் போகும் வாய்ப்பு வெள்ளைப் பிள்ளையின் வாய்ப்பில் பாதி அளவே இருந்தது. வகுப்பாசிரியரும் கறுப்பினத்தவராக இருந்தால் அந்த இடைவெளி ஏறக்குறைய காணாமல் போனது. இதை வெறும் வெறுப்பு என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தன்னைப் போன்ற பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் ஒருவருக்குச் சட்டென்று கண்ணில் படுகிறது, வேறு மாதிரிப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் வேறு எதுவாகவோ தெரிகிறது.

நாக்லியேரி சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. சொற்களற்ற சோதனை எல்லோருக்கும் சமம் என்ற விளம்பரத்தை எல்லா வல்லுநர்களும் ஏற்கவில்லை. அயோவா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோமன் போன்றவர்கள், வடிவப் புதிரில் கெட்டியான பிள்ளைதான் வகுப்பிலும் கெட்டியாக வரும் என்று சொல்ல முடியாது என்று வாதிட்டார்கள். நியாயமான வாதம். ஆனால் பிரோவர்டு அதை முடிவு சொல்லும் நீதிபதியாக வைக்கவில்லை, உள்ளே கூப்பிடும் வாயிற்காவலராகத்தான் வைத்தது.

கோட்டருகே நடக்கும் கூத்து

கார்டும் ஜுலியானோவும் மாவட்டத்தின் ஐக்யூ மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இயற்கையாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய வளைவு, 130இல் திடீரென்று குத்துச்சுவர் போல எழும்புகிறது, அதற்குச் சற்றுக் கீழே பள்ளம். பிளான் பி பிள்ளைகளின் வரைபடத்தில் அதே குத்துச்சுவர் 116இல். பிள்ளைகளின் மூளை மாநில விதியைப் படித்துவிட்டு வளர்வதில்லை. ஒரு சொல்லுக்குப் பிள்ளை சொல்லும் விளக்கத்துக்கு ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா என்று சோதிப்பவர் முடிவெடுக்கிற இடங்கள் ஐக்யூ சோதனையில் உண்டு. எதிரே பிள்ளை கோட்டுக்கு இரண்டு புள்ளி கீழே நிற்கிறது, வெளியே அம்மா உட்கார்ந்திருக்கிறார். இதை ஊழல் என்று சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை, அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் தாராளமாகத்தான் போட்டிருப்பேன். என்ன, அந்தத் தாராளம் அந்த அறை வரைக்கும் வந்து சேர்ந்த பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும்.

எல்லோரையும் சல்லடையில் போட்டதால் உளவியலாளர்களின் வேலை ஏறியது, செலவும் ஏறியது. அப்புறம் 2008 நிதி நெருக்கடி வந்தது. ஃபுளோரிடாவில் வீட்டு விலை சரிந்து, வரி வரவு குறைந்து, பள்ளி மாவட்டங்கள் கத்தரிக்கோலைத் தேடின. பிரோவர்டு இந்தச் சல்லடையை நிறுத்தியது. நிறுத்தியதும் பழைய இடைவெளி அப்படியே, பழைய அளவிலேயே திரும்பி வந்தது. பிற்பாடு வேறு வடிவத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் பார்வையில் இந்த நிறுத்தமும் ஒரு சான்று. 2005இல் நடந்தது வேறு ஏதோ காரணத்தால் என்று சொல்ல இனி இடமில்லை, விளக்கைப் போட்டால் எரிகிறது, அணைத்தால் இருட்டு. அந்த இருட்டு வருடங்களில் இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தச் சான்றால் ஒரு லாபமும் இல்லை.

நியூயார்க்கில் தலைகீழாக

இதையே வேறு விதமாகச் செய்து கையைச் சுட்டுக்கொண்ட ஊர் நியூயார்க். அங்கே 2008 முதல் நகரம் முழுக்க ஒரே சோதனை, ஒரே கோடு. வட்டார வகுப்புக்கு 90ஆம் சதமானம் (நூற்றுக்குத் தொண்ணூறு பேரை எட்டிய அல்லது தாண்டிய மதிப்பெண்), நகரளாவிய பள்ளிக்கு 97. ஆசிரியர் தயவு வேண்டாம், பள்ளிக்குப் பள்ளி வேறு விதி வேண்டாம், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் நோக்கம். ஆனால் சோதனைக்குப் பதிவு செய்ய வேண்டியது பெற்றோர், பிள்ளைக்கு வயது நான்கு. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகம், பயிற்சி வகுப்பு என்று ஒரு சந்தையே முளைத்தது. கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் பங்கு முன்பைவிடக் குறைந்தது. தேறியவர்கள் போதாமல் பிராங்க்ஸின் தென்பகுதியிலும் புரூக்ளினின் உட்பகுதிகளிலும் நான்கு வட்டாரங்களில் பல வருடங்கள் கிஃப்டட் வகுப்பே இல்லை. 2016இல்தான் மூன்றாம் வகுப்பு அளவில் திரும்ப ஆரம்பித்தார்கள்.

பிறகு 2021இல் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். 2022இல் மேயர் எரிக் ஆடம்ஸ் வந்து திட்டத்தை மூடாமல் விரிவாக்கினார்: நகரத்தின் மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் தம் வகுப்பின் எல்லாப் பிள்ளைகளையும் பரிந்துரைக்காகப் பார்க்க வேண்டும், பரிந்துரை பெற்றவர்களில் விண்ணப்பித்தோருக்குக் குலுக்கல். மூன்றாம் வகுப்பில் சேர, ஒவ்வொரு பள்ளியிலும் மதிப்பெண்ணில் முதல் 10 சதவீதத்தில் இருந்தால் தகுதி. பிரோவர்டில் ஆசிரியர் பரிந்துரையால் மறைந்த பிள்ளைகள் சோதனையால் வெளியே வந்தார்கள், நியூயார்க்கில் சோதனைதான் மறைத்தது. முரண்பாடு மாதிரித் தெரிகிறது, இல்லை. பிரோவர்டின் சோதனை யாரும் கேட்காமல் எல்லோருக்கும் போனது, நியூயார்க்கின் சோதனை கேட்டவர்களுக்கு மட்டும் போனது. கருவி எது என்று இத்தனை வருடமாகச் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உள்ளே போன பிள்ளைக்கு என்ன கிடைத்தது

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வுக் காலத்தில் பிரோவர்டில் இன்னொரு விதி இருந்தது. ஒரு பள்ளியின் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு கிஃப்டட் பிள்ளை இருந்தாலும் அந்த வகுப்புக்குத் தனிப் பிரிவு திறக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியரை வைக்க முடியாதல்லவா, அதனால் மீதி நாற்காலிகளை அதே பள்ளியில் முந்தைய வருட மாநிலத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளைக் கொண்டு வரிசைப்படி நிரப்புவார்கள். இவர்களுக்குக் கிஃப்டட் முத்திரை கிடையாது, இடத்தை நிரப்ப வந்தவர்கள்.

அந்த வகுப்பில் உட்கார்ந்ததால் யாருக்கு என்ன லாபம் என்று கார்டும் ஜுலியானோவும் தனியே அளந்தார்கள். 130 கோட்டைத் தாண்டி வந்த பிள்ளைகளின் கணக்கு, வாசிப்பு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. 116இல் வந்தவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மதிப்பெண்ணில் தெரியாத பலன்கள் இருக்கலாம், அந்த ஆய்வு அளந்தது மதிப்பெண்ணை. ஆனால் இடத்தை நிரப்ப வந்தவர்களில், கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் மதிப்பெண் கணக்கிலும் வாசிப்பிலும் அரைத் திட்டவிலக்கம் அளவுக்கு ஏறியது. கல்வி ஆய்வில் அரைத் திட்டவிலக்கம் என்பது அபூர்வமாகக் காணக் கிடைக்கிற உயரம். அந்த ஏற்றம் ஆறாம் வகுப்பிலும் நின்றது. நிரப்ப வந்த வெள்ளைப் பிள்ளைகளிடம் அப்படி ஏற்றம் இல்லை, வெளியே மற்ற வகுப்புகளில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு இதனால் நட்டமும் தெரியவில்லை.

லெட்டர், தனியார் சான்றிதழ், 129க்கும் 130க்கும் நடுவே நடக்கிற இழுபறி, பிறந்தநாள் விருந்துகளில் நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொள்வது எல்லாமே அந்த முத்திரைக்காக. அதிகம் முன்னேறிய பிள்ளைகளோ முத்திரையே இல்லாமல் மீதி நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள். அவர்கள் பெயரைப் போன வருட மதிப்பெண் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். யாருடைய அம்மாவும் அதற்கு லெட்டர் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.